பெயர்கள் நீக்கப்பட்ட ஜிஸிப்: இதுவரை படித்தறிந்தது

சிம்பல் (ஃபங்ஷன்களுக்கும் மாறிகளுக்கும் வைத்த பெயர்) இல்லாத பைனரியை, அதாவது இயந்திரக் குறியீடாகிவிட்ட நிரலை, படிக்கப் பழக நினைப்பவர், விடை எங்கோ பத்திரமாக இருக்கும் ஒரு நிரலில்தான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால் டெபியன் 12 லினக்ஸில் வரும், கோப்புகளைச் சுருக்கி விரிக்கும் ஜிஸிப் 1.12ஐ எடுத்துக்கொண்டேன். கட்டற்ற மென்பொருள், மூலநிரல் எவருக்கும் கிடைக்கும். ஆனால் பொதியில் வரும் பைனரி ஸ்ட்ரிப் செய்யப்பட்டது, அதாவது பெயர்கள் நீக்கப்பட்டது. ஒரு ஃபங்ஷன் என்ன செய்கிறது என்று என் கையால் எழுதி முடித்த பிறகே அதன் மூலநிரலைத் திறப்பது என்று விதி வைத்துக்கொண்டேன். டீபக் தகவலை இணையத்திலிருந்து தானாக இறக்கும் வசதியையும், நிரலை நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்க்க உதவும் ஜிடிபி டீபக்கரில் அணைத்துவிட்டேன். அதோடு கீட்ரா. அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமை 2019 மார்ச்சில் வெளியிட்ட, இயந்திரக் குறியீட்டை சி போன்ற வடிவில் காட்டும் இந்த டீகம்பைலரே என் வேலைக்குப் போதுமானதாக இருக்கிறது.

ஸ்ட்ரிப் எதை எடுக்கிறது, எதை விட்டுவைக்கிறது என்பதை முதலில் பார்த்தேன். லினக்ஸ் பைனரிகளின் வடிவமான எல்ஃப் கோப்பில் பெயர்ப் பட்டியல்கள் இரண்டு. நிரலை எழுதியவர் வைத்த பெயர்கள் சிம்டேப்பில் இருக்கும். லிப்சி (சி மொழியின் அடிப்படை நூலகம்) போன்ற நூலகங்களோடு ஓடும்போது இணையத் தேவையான பெயர்கள் டைன்சிம்மில் இருக்கும். ஸ்ட்ரிப் முதல் பட்டியலையும் ட்வார்ஃப் என்ற டீபக் தகவல் பகுதிகளையும் அழிக்கும். இரண்டாவதில் கைவைத்தால் நிரலே ஓடாது. ஆகவே ரீட், ரைட், மெம்காப்பி முதலியவற்றை அழைக்கும் இடங்களெல்லாம் பெயரோடு அப்படியே நிற்கின்றன. இஎச்-ஃப்ரேம் என்ற பகுதியும் தப்பிவிடுகிறது. ஃபங்ஷன் அழைப்புகளின் அடுக்கான ஸ்டாக்கைப் பின்னோக்கிப் பிரிக்க வைத்திருக்கும் தகவல் அது. ஒவ்வொரு ஃபங்ஷனின் தொடக்க முகவரியும் நீளமும் அதில் இருப்பதால் கீட்ரா எல்லைகளைத் தடுமாறாமல் பிரித்துக் கொடுத்தது. நாம் உண்மையில் இழப்பது பெயர்களையும் டைப்புகளையும் (தரவு வகைகளையும்) மட்டுமே.

நிரலின் முதன்மை ஃபங்ஷனான மெயினைக் கண்டுபிடிப்பது சுலபம். எல்ஃப் தலைப்பு காட்டும் நுழைவாயிலில் ஒரு சின்னத் துண்டுக் குறியீடு இருக்கும். அது லிப்சியின் தொடக்க ஃபங்ஷனை அழைக்கும்போது கொடுக்கும் முதல் மதிப்பு மெயினின் முகவரி. எக்ஸ்86-64 லினக்ஸில் முதல் மதிப்பு ஆர்டிஐ ரிஜிஸ்டரில் போகும். அங்கே பார்த்தால் போதும்.

மெயினிலிருந்து கீழே இறங்கிப் படிப்பதுதான் இயல்பான வழியாகத் தோன்றும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆப்ஷன்களை அலசும் குறியீட்டிலேயே நேரம் போய்விடும். குறியீட்டுக்கு முன் தரவைப் படியுங்கள் என்பேன். ஊர்ப் பெயர்ப்பலகையைப் பிடுங்கிவிட்டாலும் கோயிலும் குளமும் அங்கேதான் இருக்கும். ஒரு நிரலுக்கு அதன் அட்டவணைகள் அப்படி.

படிக்க மட்டுமே அனுமதிக்கப்பட்ட தரவுப் பகுதியில் முதலில் தேடியது, தரவு பிழையின்றி இருக்கிறதா என்று சரிபார்க்கும் சிஆர்சி-32 கணக்கின் அட்டவணை. அதில் முதல் எண் 0, அடுத்தது ஹெக்ஸில் (16 அடிமானத்தில்) 77073096. அகப்பட்டது. ஆனால் இங்கே ஒவ்வொரு எண்ணும் 4 பைட்டில் இல்லை, 8 பைட்டில் இருக்கிறது. அன்சைன்ட் லாங் என்று அறிவித்திருந்தால் 64 பிட் லினக்ஸில் அப்படித்தான் ஆகும். 256 எண்கள், 2048 பைட். 4 பைட் அடுக்காக மட்டும் தேடும் ஸ்கிரிப்ட் இந்த அட்டவணையைக் கடந்து போய்விடும். அட்டவணை கிடைத்ததும், அதைத் தொடும் குறியீடுதான் சிஆர்சியைக் கணக்கிடுவது என்று முடிவு செய்யக் கூடுதல் சான்று தேவைப்படவில்லை.

அடுத்துக் கிடைத்தவை இன்னும் அருமை. 3, 4, 5, 6 என்று தொடங்கி 258இல் முடியும் 2 பைட் எண்கள். 1, 2, 3, 4, 5, 7, 9, 13 என்று ஏறி 24577 வரை போகும் இன்னொரு வரிசை. பிறகு 16, 17, 18, 0, 8, 7, 9, 6, 10, 5 என்று தாறுமாறாகத் தெரியும் ஒன்று. ஜிஸிப் பயன்படுத்தும் டிஃப்ளேட் சுருக்க முறையை வரையறுக்கும் ஆர்எஃப்சி 1951 என்ற ஆவணத்தில் (1996 மே) மூன்றும் அப்படியே இருக்கின்றன: முன்பு வந்ததிலிருந்து நகலெடுக்கும் துண்டின் நீளம், எவ்வளவு தூரம் பின்னால் போக வேண்டும், ஹஃப்மன் குறிகளின் (அடிக்கடி வருவதற்குக் குறைந்த பிட் தரும் குறிகள்) நீளங்கள் எழுதப்படும் ஒழுங்கு. மூன்றாவது வரிசை தாறுமாறே அல்ல. அதிகம் பயன்படாத நீளங்களைக் கடைசிக்குத் தள்ளினால், வால்பகுதி பூஜ்ஜியமாக இருக்கும்போது அதை எழுதாமலே விட்டுவிடலாம். சில பிட்களை மிச்சப்படுத்த எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்! அந்த வரிசையைத் தொடும் ஃபங்ஷன், தன் குறிகளைத் தானே சுமந்து வரும் டைனமிக் பிளாக்கைப் பிரிப்பது. நீள அட்டவணையைத் தொட்டு, 8, 9, 7, 8 என்ற நீளங்களை 144, 256, 280, 288 என்ற எல்லைகளில் நிரப்புவது, குறிகள் முன்பே நிர்ணயிக்கப்பட்ட ஃபிக்ஸட் பிளாக்குக்கானது. இரண்டும் பொதுவாக அழைக்கும் ஃபங்ஷன் ஹஃப்மன் அட்டவணையைக் கட்டுகிறது.

மேலிருந்து வரும் வழியைப் பிழைச்செய்தி காட்டியது. “ஃபார்மட் வயலேட்டட்” என்று முடியும் வாசகத்தைக் குறிப்பிடும் இடத்துக்குப் போனால், அதற்குச் சற்று முன் ஒரு ஃபங்ஷன் அழைக்கப்படுகிறது. அது 3ஐத் திருப்பினால் நினைவகம் போதவில்லை, வேறு எதையாவது திருப்பினால் இந்தச் செய்தி, 0 என்றால் மேலே தொடரலாம். விரிக்கும் வேலை முழுவதும் அதற்குள்.

என் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது உள்ளே இருக்கும் சுற்று. பிட்களை எண்ணாகப் பிரித்து, எழுத்தா நகலா என்று முடிவெடுக்கும் இடம் அது. கீட்ரா முதலில் காட்டியது படிக்கவே முடியாத சுட்டிக் கணக்கு. ஆனால் ஒவ்வொரு அணுகலிலும் குறியெண் 4 பிட் இடப்பக்கம் நகர்கிறது. அப்படியானால் ஒரு பதிவின் அளவு 16 பைட். முதல் பைட்டை 16, 15, 99 ஆகியவற்றோடு ஒப்பிடுகிறது. இரண்டாம் பைட் அளவுக்குப் பிட்களைத் தள்ளிவிடுகிறது. தொடக்கத்திலிருந்து 8 பைட் தள்ளி இருப்பதை ஓரிடத்தில் 2 பைட் எண்ணாகப் படிக்கிறது, இன்னோரிடத்தில் 8 பைட் முகவரியாகப் படிக்கிறது. ஒரே இடத்தில் இரண்டு வகை என்றால் யூனியன். நடுவில் உள்ள 6 பைட் வெறும் இட்டுநிரப்பு.

இதை ஸ்ட்ரக்டாக (பல உறுப்புகள் சேர்ந்த பதிவு வகையாக) கீட்ராவில் எழுதிக் கொடுத்ததும் அந்தப் பக்கம் முழுவதும் மாறிவிட்டது. முதல் பைட் 16 என்றால் சாதாரண எழுத்து. 15 என்றால் பிளாக் முடிந்தது. 99 என்றால் செல்லாத குறி. 16ஐத் தாண்டினால் யூனியனில் உள்ள முகவரி அடுத்த நிலை அட்டவணைக்குப் போகிறது. எழுதும் இடம் 32768ஐத் தொட்டதும் வெளியே கொட்டுகிறது. டிஃப்ளேட்டின் 32 கிலோபைட் சாளரம் அது, அதாவது நகலெடுக்க எவ்வளவு பின்னால் போகலாம் என்ற எல்லை. ஃபங்ஷனுக்குப் பெயர் வைப்பதைவிட ஒரு ஸ்ட்ரக்டைச் சரியாக வரைவது பல மடங்கு பயன் தரும். பெயர் ஒரு ஃபங்ஷனை விளக்குகிறது, ஸ்ட்ரக்ட் அதைத் தொடும் எல்லா ஃபங்ஷன்களையும் விளக்குகிறது.

ஊகத்தைச் சோதிக்க ஒரு கோப்பைக் கையால் செய்தேன். 31, 139, 8 என்று தொடங்கும் 10 பைட் தலைப்பு, அதன் பின் 7, பிறகு சில பூஜ்ஜியங்கள். 7இன் கடைசி மூன்று பிட்டும் 1. அதாவது இதுவே கடைசி பிளாக், வகை எண் 3. வகை 3 டிஃப்ளேட்டில் செல்லாது. ஓட்டியதும் ஃபங்ஷன் 2ஐத் திருப்பியது, எதிர்பார்த்த செய்தியும் வந்தது.

இதைச் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கீட்ரா இத்தகைய பைனரியை ஹெக்ஸில் 100000 என்ற அடிமுகவரியில் வைக்கும். ஜிடிபியில் அது பெரும்பாலும் 555555554000. கீட்ராவின் நினைவக வரைபடத்தில் அடிமுகவரியை மாற்றிவிட்டால் ஒவ்வொரு முறையும் கூட்டிக் கழிக்க வேண்டியதில்லை.

பிறகு மூலநிரலின் இன்ஃப்ளேட் கோப்பைத் திறந்தேன். மார்க் அட்லர் எழுதியது. நான் வரைந்த ஸ்ட்ரக்டுக்கு அவர் வைத்த பெயர் ஹஃப்ட். உறுப்புகள் அதே ஒழுங்கில், யூனியன் உட்பட. மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது.

இப்போது சுருக்கும் பக்கத்தில் இருக்கிறேன். அதன் மூலநிரலை இன்னும் திறக்கவில்லை. தரவுப் பகுதியில் வரிசைக்கு நான்கு எண்ணாக 10 வரிசை கொண்ட சின்ன அட்டவணை இருக்கிறது. பயனர் கொடுக்கும் 1 முதல் 9 வரையிலான நிலைதான் வரிசை எண் (0இலிருந்து எண்ணினால்). நிலை 1க்கு 4, 4, 8, 4. நிலை 9க்கு 32, 258, 258, 4096. கடைசி எண், பொருத்தம் தேடும் சுற்று எத்தனை முறை பின்னோக்கிப் பார்க்கலாம் என்ற வரம்பு. அது குறைந்துகொண்டே வந்து 0 ஆனதும் சுற்று நிற்பதை ஜிடிபியில் பார்த்துவிட்டேன். மூன்றாவது எண், இந்த அளவு நீளமான பொருத்தம் கிடைத்தால் போதும் என்று தேடலை நிறுத்துகிறது. முதல் இரண்டும் எங்கே ஒப்பிடப்படுகின்றன என்பதை அடுத்துத் தேட வேண்டும்.