சாய்ந்த ஒரு ரிவெட்

"இது சாஞ்சிருக்குடா, எடுத்துடு" என்றார் அப்பா.

மாதவரத்தில் ஒரு கொட்டகையில், நானும் நண்பனும் பாகங்களாக வாங்கி இணைத்துவரும் சிறு விமானத்தின் வால் இறக்கையை இன்று முதன்முறையாகப் பார்க்க வந்திருந்தார். பெரம்பூரில் ரயில் பெட்டிகளுக்கு, தகடுகளை இணைக்கும் உலோக ஆணியான ரிவெட்டை அடித்தே முப்பது ஆண்டுகளைக் கழித்தவர். கண்ணாடியைக்கூட எடுக்காமல், அலுமினியத் தகட்டின் மேல் விரலை மெல்ல ஓட்டிக்கொண்டே போனவர், பதினேழாவது ரிவெட்டில் நின்றுவிட்டார்.

3.2 மி.மீ. தடிமனுள்ள ரிவெட்டை அடித்து முடித்ததும், அதன் மறுமுனை ஏறக்குறைய 4.8 மி.மீ. அகலத்துக்கும் 1.6 மி.மீ. உயரத்துக்கும் வட்டமாகப் பரவியிருக்க வேண்டும். இதுவோ ஒருபக்கமாகச் சரிந்திருந்தது. அடிக்கும்போது மறுமுனை நசுங்கிப் பரவ, பின்னால் இரும்புக் கட்டையைப் பிடித்திருந்த என் கை சற்றே சாய்ந்திருக்கிறது.

அதை எடுப்பது அடிப்பதைவிடக் கடினம். ரிவெட்டின் தலை நடுவில் மட்டும் துளையிட்டு, தலையை உடைத்து, தண்டைத் தட்டி வெளியேற்ற வேண்டும். கை நடுங்கினால் தகட்டின் துளையே அகன்றுவிடும். அப்பா விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

1910இல் இதே சென்னையில் டி ஏஞ்சலிஸ் என்ற விடுதிக்காரர், தாமே வடிவமைத்த விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். அவருடைய விமானத்தின் ஒவ்வொரு இணைப்பையும் இப்படித் தடவிப் பார்த்த பெயரறியாத கைகள் எத்தனை இருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

புது ரிவெட்டை அடித்தோம். அப்பா மறுபடியும் முதல் ரிவெட்டிலிருந்தே தடவத் தொடங்கினார்.