தனியாக நடத்தும் முதலுதவிப் பயிற்சியாளரை யார் சோதிப்பது?

பிரிட்டனில் பணியிட முதலுதவிப் பயிற்சி தருபவர்களுக்கு, பணியிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் எச்.எஸ்.இ. என்ற அரசு அமைப்பின் ஒப்புதல் கட்டாயமாக இருந்தது. 2013 அக்டோபர் 1-இல் அது முடிந்தது. முதலுதவி ஏற்பாடு செய்வது முதலாளியின் கடமை என்று சொல்லும் 1981-ஆம் ஆண்டு விதிமுறைகள் இன்றும் இருக்கின்றன. பயிற்சி தருபவர் தகுதியானவரா என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளும் பொறுப்பும் இப்போது முதலாளியுடையதே.

தேர்வுகளையும் தகுதிச் சான்றுகளையும் முறைப்படுத்தும் ஆஃப்குவால் என்ற அரசு அமைப்பு கண்காணிக்கும் சான்றளிப்பு நிறுவனம் ஒன்றின் கீழ் வகுப்பு நடத்தலாம். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், பிரிட்டிஷ் ரெட் கிராஸ் போன்ற தொண்டு அமைப்புகள் வழியாகவும் நடத்தலாம். ஃபர்ஸ்ட் எய்ட் இண்டஸ்ட்ரி பாடி போன்ற தொழில் அமைப்பில் சேரலாம். எதிலும் சேராமல் தனித்தும் நடத்தலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அப்போது எல்லா ஆதாரத்தையும் தானே எடுத்து வைக்க வேண்டும்.

தனியாளுக்கு உண்மையில் இடிக்கும் இடம் தரச் சோதனை. ஒவ்வொரு பயிற்சியாளரையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது தகுதியுள்ள வேறொருவர் வகுப்பில் உட்கார்ந்து பார்த்து எழுதி வைக்க வேண்டும். ஒரே ஆள் நடத்தும் நிறுவனத்தில் அந்த வேறொருவர் யார்? அருகிலுள்ள இன்னொரு பயிற்சியாளருடன் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம், அல்லது தொழில் அமைப்பின் மதிப்பீட்டாளரை வரவழைக்கலாம். லோகோவும் இணையப் பட்டியலில் ஓர் இடமும் தந்துவிட்டு வகுப்புப் பக்கமே எட்டிப் பார்க்காத அமைப்புக்குச் சந்தா கட்டுவது வீண் என்பதே என் கருத்து. தொழில் அமைப்பு என்றால், புகார் வந்தால் விசாரிக்க வேண்டும், விதி மாறும்போது சிறியவர்களுக்காக எச்.எஸ்.இ.யிடம் பேச வேண்டும், உறுப்பினரின் வகுப்பை நேரில் பார்க்க வேண்டும். இந்த மூன்றையும் செய்கிறதா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

நேரக் கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒருநாள் அவசர முதலுதவி வகுப்புக்குக் குறைந்தது 6 மணி நேரம், முழு வகுப்புக்கு 18 மணி நேரம், புதுப்பிக்க 12 மணி நேரம். சாப்பாடும் டீயும் இதில் சேராது. காலை 9.30 முதல் மாலை 4 வரை வகுப்பு, ஒரு மணி நேரச் சாப்பாடு, கால் மணி நேர டீ இருமுறை என்றால் மிஞ்சுவது 5 மணி நேரம்தான். அதே இடைவேளைகளோடு 9 முதல் 4.30 வரை வைத்தால் 6 சரியாக வரும். வருகைப் பதிவேட்டில் இடைவேளை நேரத்தையும் குறித்து வையுங்கள்.

ஒரு பயிற்சியாளருக்கு 12 பேருக்கு மேல் வேண்டாம். நாலு பேருக்கு ஒரு சிபிஆர் பொம்மை (இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தும் முதலுதவியைப் பழகும் பொம்மை) என்றால் 12 பேருக்கு மூன்று. ஒரே பொம்மையோடு வந்தால், ஆளுக்கு 2 நிமிடம் அழுத்தவே 24 நிமிடம் போய்விடும். துடைப்பதும் ஆள் மாறுவதும் தனி. தவற்றைத் திருத்தி மறுபடி செய்ய வைக்க நேரமே இருக்காது.

அந்தத் தவறுகள் நின்றபடி பார்த்தால் தெரியாது. பொம்மையின் பக்கவாட்டில் மண்டியிட்டுப் பாருங்கள். முழங்கை மடங்கும். அழுத்திய பின் உள்ளங்கையின் பாரம் நெஞ்சிலேயே தங்கி, நெஞ்சு முழுதாக மேலெழாது. வேகம் நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டும்போது அழுத்தும் ஆழம் 5 செ.மீ.யை விடக் குறைந்துவிடும். ஒரு நிமிடத்துக்குப் பின் களைப்பில் இரண்டும் குலையும். மதிப்பீட்டின்போது ஒவ்வொருவரும் தனியாகச் செய்ய வேண்டும். பயிற்சியாளர் பக்கத்தில் நின்று எண்ணிக்கை சொன்னால் அது மதிப்பீடே ஆகாது, பயிற்சியின் தொடர்ச்சிதான்.

பயிற்சியாளரிடம் மூன்று தாள்களைக் கேட்கலாம்: செல்லுபடியாகும் முதலுதவித் தகுதி, கற்பிக்கும் தகுதி, மதிப்பிடும் தகுதி. நல்ல முதலுதவியாளர் என்பதாலேயே ஒருவர் நல்ல மதிப்பீட்டாளர் ஆகிவிடுவதில்லை. பொறுப்புக் காப்பீட்டையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

சான்றிதழில் பயிற்சி நிறுவனத்தின் பெயர், கற்றவர் பெயர், வகுப்பின் பெயர், முடித்த தேதியிலிருந்து 3 ஆண்டுச் செல்லுபடி, நடப்பிலுள்ள முதலுதவி முறைப்படி கற்பிக்கப்பட்டது என்ற வாசகம் ஆகியவை இருக்க வேண்டும். வகுப்புப் பதிவேட்டையும் மதிப்பீட்டுத் தாள்களையும் குறைந்தது அந்த 3 ஆண்டுக்காவது பத்திரப்படுத்துங்கள்; விபத்துக்குப் பின் விசாரணை வந்தால் முதலில் கேட்கப்படுபவை அவையாகத்தான் இருக்கும்.