பாய்மரப் படகின் தேக்கு விளிம்பும் ஏற்காட்டு மூடுபனியும்

ஏற்காட்டில் வைத்து வார்னிஷ் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், எந்த மாதம், எத்தனை மணிக்கு அடிப்பார் என்று கேட்டு, பக்கத்திலேயே நின்றுகொள்ளுங்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

படகு சித்தப்பாவுடையது, புதுச்சேரியில் நிற்கிறது. உடல் ஃபைபர். விளிம்பு, கைப்பிடி, சுக்கான் பிடி எல்லாம் தேக்கு. வெயிலிலும் உப்புத்தண்ணீரிலும் வார்னிஷ் உரிந்து, திருகு இருந்த இடமெல்லாம் கறுத்து, இடப்பக்க விளிம்பு ஒரு முழத்துக்கு உளுத்தே போயிருந்தது. சேலத்தில் எங்களுக்குப் பழக்கமான ஆசாரி இருக்கிறார் என்பதால் சுக்கான் பிடி தவிர மற்ற எல்லாவற்றையும் கழற்றி இங்கே கொண்டுவந்தோம். கழற்றும்போதே ஒவ்வொரு கட்டைக்கும் பின்பக்கம் எண் எழுதிப் படம் எடுத்துவிடுங்கள். அந்தப் படங்கள் பின்னால் வேறு ஒரு இடத்திலும் கைகொடுத்தன.

மரம் சுலபமாக அமைந்தது. பழைய வீடு இடித்த மரம் விற்கும் கடையில் நல்ல தேக்கு உத்தரம் கிடைத்தது. சில்வர் ஓக் போதுமே, பாதி விலைதானே என்று ஒருவர் சொன்னார். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் அந்த மரம் வீட்டுக்குள் சரி. எந்நேரமும் நனையும் இடத்தில் சீக்கிரமே உளுத்துவிடும்.

உளுத்ததை வெட்டிப் புதுத் துண்டு சேர்க்கும் இடத்தில் ஆசாரியோடு வாக்குவாதம். கதவு ஜன்னலுக்குப் போடும் வெள்ளைப் பசையே போதும் என்றார். "முப்பது வருசமா இதைத்தான் போடறேன் தம்பி, ஒண்ணு கழண்டதில்லைங்க." சரி, சோதித்துப் பார்ப்போம் என்று வெள்ளைப் பசையில் ஒன்று, இரண்டு பாகம் கலந்து ஒட்டும் எபாக்சிப் பசையில் ஒன்று என இரண்டு துண்டுகளை ஒட்டி, காய்ந்ததும் வாளித் தண்ணீரில் போட்டு வைத்தேன். மறுநாள் வெள்ளைப் பசை கையோடு பிரிந்து வந்தது. எபாக்சி ஒட்டைச் சுத்தியலால் அடித்தபோது பக்கத்து மரம் பிளந்தது, ஒட்டு அசையவில்லை. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப இதையே போட்டுக்கலாங்க" என்றார். தேக்கில் எண்ணெய் இருப்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். வெட்டும் நேராக இருக்கக் கூடாது. கட்டையின் கனத்தைப் போல எட்டு மடங்கு நீளத்துக்குச் சாய்வாக இழைத்து ஒட்டினால்தான் வளைக்கும்போது விடாது.

அடுத்து திருகு. பித்தளை என்று சொல்லி ஒரு கடையில் கொடுத்ததை வீட்டில் காந்தத்தில் வைத்தால் ஒட்டிக்கொண்டது. இரும்புக்குப் பித்தளைப் பூச்சு! இரும்புத் துருவும் தேக்கும் சேர்ந்துதான் பழைய கட்டை கறுத்திருந்தது. அதே திருகை மறுபடி போட்டால் செய்த வேலையெல்லாம் வீண். திருப்பிக் கொடுக்கப் போனால் பாக்கெட் பிரித்தாயிற்று என்று வாங்க மறுத்துவிட்டார்கள். கடல்தண்ணீருக்கு வேண்டியது 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இதைக் காந்தத்தால் சாதாரண 304 ரகத்திலிருந்து பிரித்தறிய முடியாது, 316-ஐக் காட்டும் ஏ4 என்ற குறி இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். உருக்காலை இருக்கும் ஊரில் இதற்காகக் கடை கடையாக அலைந்து, கடைசியில் சென்னையிலிருந்து வரவழைத்தேன். பழைய கறை ஆக்ஸாலிக் அமிலக் கரைசலில் போய்விட்டது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பிறகு தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவுங்கள்.

வார்னிஷுக்கு ஒருவர் சிபாரிசில் ஏற்காட்டில் பட்டறை வைத்திருக்கும் பாலிஷ்காரரிடம் போனோம். மேலே தூசி கிடையாது என்றார். ஐப்பசி மாதம். வெயில் இருக்கும்போது அடியுங்கள், பகல் 2 மணிக்கு மேல் தொடவே வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் காலையில் வேறு வேலைக்குப் போய்விட்டு, சாயங்காலம் திறந்த தாழ்வாரத்தில் வைத்து அடித்திருக்கிறார். ஈர வார்னிஷ் மேல் மூடுபனி இறங்கினால் என்ன ஆகும்? முழு விளிம்பும் பால் ஊற்றியதுபோல் வெளுத்துக் கிடந்தது. "காஞ்சா சரியாயிடும்" என்றார். காய்ந்தும் சரியாகவில்லை, கொடுத்த முன்பணமும் திரும்பவில்லை.

குட்டியானையில் கட்டி 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கினால், கீழே சோதனைச் சாவடியில் மரத்துக்கு ரசீது கேட்டார்கள். மரக்கடையில் கொடுத்தது துண்டுச் சீட்டு. அதை அவர்கள் ஏற்கவில்லை. மரம் கொண்டுபோவதற்கு 1968-லிருந்தே விதிகள் இருக்கின்றன, தேக்கு என்றால் கேட்கத்தான் செய்வார்கள். படகில் கட்டைகள் இருந்த படங்களையும் பின்பக்கத்து எண்களையும் காட்டி, மரக்கடைக்காரரை முழு ரசீது எழுதி வாட்ஸப்பில் அனுப்பச் சொன்ன பிறகுதான் விட்டார்கள். மரம் வாங்கும் அன்றே முறையான ரசீது வாங்கிவிடுங்கள்.

வெளுத்த பூச்சை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, தை மாதத்தில் சேலத்திலேயே நானே அடித்தேன். பனி விலகிய பிறகு, மொட்டைமாடி நிழலில். முதல் பூச்சுக்குப் பாதிக்குப் பாதி தின்னர். அடுத்ததற்குக் கொஞ்சம், அப்புறம் தனி வார்னிஷ். ஒவ்வொன்றுக்கும் நடுவில் 220 நம்பர் உப்புத்தாளால் தேய்ப்பு. சித்திரை வரை தள்ளிப்போடாதீர்கள், அந்தச் சூட்டில் மேல்தோல் மட்டும் காய்ந்து கொப்புளம் கட்டும்.

புதுச்சேரியில் மாட்டுவது நல்லபடியாக முடிந்தது. திருகுக் குழிகளை மூடும் மரத் தக்கைகளை மட்டும் எபாக்சியில் ஒட்டிவிடாதீர்கள். வார்னிஷ் தொட்டு வைத்தால்தான் பின்னால் கழற்ற வரும். தக்கையின் மர ரேகை விளிம்பின் ரேகையோடு ஒரே திசையில் ஓட வேண்டும். உளியால் ஒரே வெட்டில் சீவாமல், முதலில் கொஞ்சம் உயரத்தில் ஒரு சீவு சீவி, ரேகை எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பாருங்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்டினால் தக்கை குழிக்குள்ளேயே பிளந்துவிடும். ஆசாரியே வந்து இதைச் செய்து கொடுத்தார். விரலால் தடவினால் தக்கை எங்கே இருக்கிறது என்று தெரியாது. சித்தப்பா இப்போது சுக்கான் பிடியையும் அவரிடமே கொடுத்திருக்கிறார்.