ஹம்பி வடகரைப் பாறைகள்: ஏறுவோர் வழிகாட்டியைத் திருத்தி எழுதிய ஒரு குளிர்காலம்

துங்கபத்திரை ஆற்றின் வடகரையில், சானாபூர் ஏரியிலிருந்து ஆனேகுந்தி வரை சிதறிக் கிடக்கும் கருங்கல் பாறைகளில் ஏறுவதற்காகப் பெங்களூரிலிருந்து எட்டு ஆண்டுகளாகப் போய் வருகிறேன். கயிறு கட்டாமல், கீழே கிராஷ் பேட் எனப்படும் மெத்தையை விரித்துக்கொண்டு, நான்கைந்து மீட்டர் உயரமுள்ள பாறைகளில் ஏறும் போல்டரிங்குக்கு இந்தியாவில் ஹம்பிக்கு நிகரான இடம் வேறு இல்லை என்பது என் எண்ணம். அந்தப் பகுதிக்கென்று பாறையேறிகள் பலரும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பல ஆண்டுகளில் எழுதிச் சேர்த்த வழிகாட்டி ஒன்று எங்களிடையே புழங்கி வருகிறது. சென்ற நவம்பரில் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தேன். இதை மட்டுமே நம்பிப் புதிதாக வரும் ஒருவர் வழி தவறுவார், பிறர் வயலை மிதிப்பார், ஒருவேளை காலையும் ஒடித்துக்கொள்வார் என்று தோன்றியது. எனவே 31 பாறைகள் கொண்ட ஒரு கூட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் நேரில் நடந்து பார்த்து, தமிழில் திருத்தி எழுதத் தொடங்கினேன். நவம்பர் முதல் மார்ச் வரை ஆறு முறை போய் வந்ததில் செய்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன்.

முதலில் திருத்த வேண்டியிருந்தது போய்ச் சேரும் வழி. பழைய குறிப்பு, விரூபாட்சர் கோயில் படித்துறையில் படகு ஏறி எதிர்க்கரையிலுள்ள விருபாப்பூர் கட்டேயில் இறங்கவும், அங்குள்ள விடுதிகளில் தங்கி மெத்தையை வாடகைக்கு எடுத்துக்கொள்ளவும் சொல்லியது. அந்த விடுதிகளை அகற்றச் சொன்ன உத்தரவை 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அடுத்த மாதமே அவை இடிக்கப்பட்டன. இல்லாத விடுதிகளின் பெயர்கள் இத்தனை ஆண்டுகள் கழித்தும் வழிகாட்டியில் அப்படியே நின்றன. இப்போது தங்குவதற்குச் சானாபூர்ப் பக்கத்தையும் ஆனேகுந்தியையும் குறித்திருக்கிறேன். ஆற்றில் தண்ணீர் மிகுந்தால் படகு நின்றுவிடும் என்பதையும், அப்போது புக்கசாகராவுக்கும் கடேபாகிலுவுக்கும் இடையிலுள்ள பாலம் வழியாகச் சாலையில் சுற்றி வர வேண்டும் என்பதையும் சேர்த்தேன். இந்த வேலை ஒரே மாலையில் முடிந்தது.

பாறைகளுக்கு நடந்து போகும் வழிக்கு அவ்வளவு எளிதில் விடை கிடைக்கவில்லை. சாலையிலிருந்து பாறைக்கூட்டம் வரை நெல் வயல்கள். பழைய குறிப்பில் 'வயலைக் கடந்து நேராகச் செல்லவும்' என்று ஒரே ஒரு வரி இருந்தது. அந்த வரியை நம்பியே நானும் எட்டு ஆண்டுகள் நடந்திருக்கிறேன் என்பதை இப்போது வருத்தத்துடன் எழுதுகிறேன். டிசம்பரில் வயலின் சொந்தக்காரரான முதியவரைத் தேடிப் போய்ப் பேசினேன். அஜ்ஜா என்று அழைத்து, எனக்குத் தெரிந்த கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னேன். "தம்மா, கல்லின் மேல் ஏறுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வரப்பு நான் கையால் போட்டது. பத்துப் பேர் முதுகில் மெத்தையைச் சுமந்துகொண்டு நடந்தால் மண் சரிந்து தண்ணீர் அடுத்த வயலுக்கு ஓடிவிடுகிறது" என்றார். பிறகு அவரே முன்னால் நடந்து, வாய்க்கால் கரையோடு போய் ஒரு வேப்ப மரத்தில் திரும்பி, வயலைத் தொடாமல் பாறையடிக்குப் போகும் பாதையைக் காட்டினார். அது பழைய வழியைவிட ஏழு நிமிடம் கூடுதல். வழிகாட்டியில் இப்போது அந்த ஒரு பாதை மட்டுமே இருக்கிறது. குறுக்கு வழியைப் பற்றி ஒரு சொல்கூட இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். 'இந்த வழியில் போகாதீர்கள்' என்று எழுதினாலும் அப்படி ஒரு வழி இருப்பது தெரிந்துவிடும் அல்லவா?

அன்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட இன்னொன்று பாறைகளின் ஊர்ப்பெயர்கள். ஒரு பாறையின் முகத்தில் முதலில் ஏறியவர் அந்த ஏறுவழிக்குப் பெயர் வைப்பது எங்கள் வழக்கம். அந்தப் பெயர்களை நான் மாற்றவில்லை. ஆனால் அவற்றை ஊரில் ஒருவரும் அறியமாட்டார்கள். யாராவது அடிபட்டு 108-ஐ அழைத்தாலும், ஆட்டோ ஓட்டுநரிடம் இடம் சொன்னாலும், ஊரார் சொல்லும் பெயரே உதவும். ஆகையால் ஐந்து பெரிய பாறைகளுக்கு ஊர்ப்பெயரை முதலிலும் எங்கள் பெயரை அடுத்தும் எழுதினேன்.

அதிக நேரம் எடுத்துக்கொண்டதும், நான் மிகவும் முக்கியமாகக் கருதுவதும் இறங்குவழிகள்தான். பழைய குறிப்பில் 31 பாறைகளுக்கும் சேர்த்து நான்கு இறங்குவழிகளே எழுதப்பட்டிருந்தன. மூன்று ஆண்டுகளுக்கு முன், என்னுடன் வந்த நண்பர் ஒருவர் மாலை வெளிச்சம் மங்கும் வேளையில் ஒரு பாறையின் உச்சிக்கு ஏறிவிட்டு, எந்தப் பக்கமும் இறங்கத் தெரியாமல் முக்கால் மணி நேரம் மேலேயே உட்கார்ந்திருந்தார். ஏறிய முகத்தில் இருந்த பிடிகள் மேலிருந்து பார்க்கும்போது கண்ணில் படவே இல்லை. கடைசியில் நாங்கள் மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பிடித்துக்கொள்ள, அவர் விளிம்பில் தொங்கிக் குதித்தார், கணுக்கால் பிசகியது. ஏறுவதற்கு மிக எளிதென்று குறிக்கப்பட்ட பாறை அது. ஏறத் தெரிந்த ஒருவர் இறங்கவும் அறிந்திருப்பார் என்று எழுதியவர்கள் எடுத்துக்கொண்டதே இந்தக் குறைக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

எனவே ஜனவரியில் இரண்டு பயணங்களை இதற்கென்றே ஒதுக்கி, ஒவ்வொரு பாறையின் உச்சிக்கும் போய், இறங்கும் வழியைக் கண்டுபிடித்து, இரண்டு முறை இறங்கிப் பார்த்த பிறகே எழுதினேன். 31 பாறைகளில் 22-க்கு நடந்தோ எளிதாகத் தவழ்ந்தோ இறங்கும் வழி உண்டு. ஆறு பாறைகளில் பக்கத்துப் பாறைக்குத் தாவ வேண்டும். அந்த இடைவெளிகளை அளந்து எழுதியிருக்கிறேன். மீதி மூன்றில் ஏறிய வழியாகவே இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த மூன்றின் பெயருக்கு முன்பே அதைச் சொல்லிவிட்டேன். 'இடது', 'வலது' என்ற சொற்களை இறங்குவழிக் குறிப்பில் முற்றிலும் தவிர்த்தேன். பாறையைப் பார்த்து நிற்பவருக்கு இடதாக இருப்பது உச்சியிலிருந்து எதிர்ப்பக்கம் பார்ப்பவருக்கு வலதாகிவிடும். கிழக்கு, மேற்கு, ஆறு தெரியும் பக்கம், ஏரி தெரியும் பக்கம் என்று எழுதினால் குழப்பம் இல்லை.

உயரங்களையும் அப்போதே அளந்தேன். மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றை உச்சியிலிருந்து தொங்கவிட்டால் போதும். 'கொஞ்சம் உயரம்' என்று பழைய குறிப்பு சொன்ன பாறை 6.3 மீட்டர் இருந்தது. அதன் அடியில் ஒரு கூரிய கல்லும் சரிவும் உள்ளன. அங்கே இரண்டு மெத்தைகளை எங்கே போட வேண்டும், தாங்கிப் பிடிக்க ஆள் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் எழுதினேன்.

இடங்களைக் குறிப்பதில் ஒரு சிறு பாடம் கிடைத்தது. கைப்பேசியின் ஜிபிஎஸ் திறந்த வெளியில் ஏறக்குறைய 5 மீட்டர் துல்லியம் தரும். இரண்டு உயரமான பாறைகளுக்கு நடுவில் நின்றால், செயற்கைக்கோள் சமிக்ஞை கல்லில் பட்டுத் திரும்புவதால் புள்ளி எங்கோ விழுகிறது. பழைய குறிப்பில் அட்சரேகை, தீர்க்கரேகைப் பாகைகள் தசமத்துக்குப் பின் மூன்று இலக்கங்களோடு நின்றிருந்தன. மூன்று இலக்கம் என்றால் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போகலாம்; ஐந்து இலக்கம் எழுதினால்தான் ஏறக்குறைய ஒரு மீட்டர் அளவுக்கு நெருங்கும். நான் ஒவ்வொரு பாறையின் உச்சியிலும், வானம் முழுதும் தெரியும் இடத்தில், வெவ்வேறு நாட்களில் மூன்று முறை அளவெடுத்துச் சராசரி கண்டேன். படங்களைக் காலை ஏழு முதல் எட்டரை வரை எடுத்தேன். சாய்ந்த வெயிலில்தான் பிடிகளின் நிழல் விழுந்து முகம் தெளிவாகத் தெரிகிறது.

கடினத்தைக் குறிக்கும் கிரேடுகளில் எனக்கு எதிர்பாராத சிக்கல் ஒன்று தமிழால் வந்தது. போல்டரிங்குக்கு இரண்டு அளவுகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஹுவேக்கோ டாங்க்ஸ் பாறைகளில் ஜான் ஷெர்மன் தொடங்கி வைத்த வி அளவு. மற்றது பிரான்சின் ஃபோன்டென்புளோ காட்டுப் பாறைகளில் பிறந்த ஃபோன்ட் அளவு. கயிறு கட்டி ஏறுவதற்கான பிரெஞ்சு அளவும் அதே எண்ணையும் எழுத்தையுமே பயன்படுத்துகிறது. ஃபோன்டில் பெரிய எழுத்து, கயிற்று அளவில் சிறிய எழுத்து என்பது மட்டுமே வேறுபாடு. இரண்டும் ஒன்றல்ல, கயிற்றுக்கு 6ஏ என்பதைவிட போல்டரிங்கில் 6ஏ மிகவும் கடினம். தமிழ் எழுத்தில் பெரியதும் சிறியதும் இல்லாததால் '6ஏ' என்று எழுதினால் எதைச் சொல்கிறோம் என்று தெரியாது. ஆகவே வி அளவையே முதன்மையாக வைத்து, ஃபோன்ட் என்ற சொல்லைச் சேர்த்தே மற்றதை எழுதினேன்: வி3 (ஃபோன்ட் 6ஏ), வி6 (ஃபோன்ட் 7ஏ) என்றவாறு.

கிரேடு என்பது ஒருவரின் கருத்தாக இருந்துவிடக் கூடாது என்பதற்காக, ஏறியவர்கள் ஒருவரோடொருவர் பேசுவதற்கு முன்பே தத்தம் கணிப்பைத் தாளில் எழுதித் தரச் சொன்னேன். ஒரு ஏறுவழிக்கு வி2 முதல் வி5 வரை வந்தது. காரணத்தைத் தேடினால், இரண்டு பிடிகளுக்கிடையே 1.45 மீட்டர் தூரம். உயரமானவர் கையை நீட்டித் தொட்டுவிடுகிறார், குட்டையானவர் எம்பித் தாவ வேண்டியிருக்கிறது. அங்கே ஒரே எண்ணைத் தருவதைவிட அந்த 1.45 மீட்டரை எழுதுவதே நேர்மை என்று நினைத்தேன்.

பிப்ரவரியில் பாறையைப் பற்றிய எச்சரிக்கைகளை எழுதினேன். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையான இந்தக் கருங்கல் வெளித்தோற்றத்தில் அசையாததாக இருந்தாலும், வெயிலும் மழையும் மாறி மாறிப் படுவதால் வெங்காயத் தோல்போலத் தகடு தகடாக உரிகிறது. தட்டிப் பார்த்தால் உள்ளே வெற்றிடமாக ஒலிக்கும் பிடிகள் ஏழு இடங்களில் இருந்தன. அவற்றைப் படத்தில் சிவப்பாகக் குறித்தேன். மழைக்குப் பின் எத்தனை நாள் காத்திருப்பது, கம்பித் தூரிகையால் ஏன் தேய்க்கக் கூடாது என்பவற்றைச் சுருக்கமாகச் சேர்த்தேன்.

ஏறக் கூடாத பாறைகளைப் பற்றிச் சுருக்கமாக எழுத என்னால் முடியவில்லை. ஹம்பி 1986 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம்; அதன் எல்லை ஆற்றைத் தாண்டி ஆனேகுந்தியையும் உள்ளடக்கியது. ஆனேகுந்திக்கு அருகே ஒனக்கே கிண்டியில் வரலாற்றுக்கு முந்தைய பாறை ஓவியங்கள் உள்ளன. கை வழுக்காமலிருக்க நாம் பூசும் மெக்னீசியம் கார்பனேட் தூள் அங்கே படக் கூடாது. கோயிலோ மண்டபமோ மதிலோ, கல்லால் கட்டிய எதன் மேலும் ஏறக் கூடாது என்பது எல்லோரும் அறிந்ததே. விஜயநகரக் கல்தச்சர்கள் ஆப்பு அடித்துப் பிளப்பதற்காக வரிசையாக வெட்டிய குழிகள் பல தனிப் பாறைகளிலும் இருக்கின்றன. விரல் நுழையும் அளவுள்ள அக்குழிகள் நல்ல பிடிகளாகத் தோன்றும். எங்கள் கூட்டத்தில் அப்படிப்பட்ட பாறை ஒன்றில் இரண்டு ஏறுவழிகள் இருந்தன. அந்தக் குழிகள் ஒரு கைவினைஞரின் கையெழுத்து. அவற்றில் தூள் அப்பி விரல்களால் தேய்ப்பது தகாது என்று நண்பர்களிடம் வாதிட்டேன். அனைவரும் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் இரண்டையும் நீக்கினோம். வேறொரு பாறையின் திட்டில் கொம்பன் ஆந்தை அடைகாக்கக் கண்டதால், அதை நவம்பர் முதல் ஏப்ரல் வரை மூடியதாகக் குறித்தேன். நாங்கள் ஏறும் பருவமும் அதுவே என்பதால், நடைமுறையில் அந்தப் பாறை ஆந்தைக்கே உரியது.

மார்ச் முதல் வாரத்தில் வழிகாட்டியைச் சோதித்தோம். இதற்கு முன் ஹம்பியைப் பார்த்திராத, சென்னையிலிருந்து வந்த இருவரிடம் அதைக் கொடுத்து, எதுவும் பேசாமல் அவர்களுக்குப் பின்னால் நடந்தேன். அவர்கள் நின்று தயங்கிய இடங்களை மட்டும் குறித்துக்கொண்டேன். மூன்று இடங்களில் தயங்கினார்கள்; ஓரிடத்தில் தவறாகவே திரும்பினார்கள். 'இரண்டாவது வாய்க்கால்' என்று எழுதியிருந்தேன்; தண்ணீர் விடாத நாளில் முதல் வாய்க்கால் புல் மூடிக் கிடந்ததால் அவர்கள் அதை எண்ணவில்லை. அன்றிரவே அந்த வரியை 'வேப்ப மரத்தின் அடியில் ஓடும் வாய்க்கால்' என்று மாற்றினேன். மாலையில் இருவரும் என் நண்பர் அன்று மாட்டிக்கொண்ட அதே பாறையில் ஏறினார்கள். உச்சியில் நின்று கைப்பேசியைப் பார்த்தார்கள். ஏரி தெரியும் பக்கம் நடந்து, விளிம்புக்குக் கீழே மறைந்திருந்த படியில் காலை வைத்து, ஒருவர் பின் ஒருவராக இறங்கி வந்தார்கள். தென்மேற்குக் கோடியிலுள்ள நான்கு பாறைகளின் படங்கள் தெளிவாக இல்லை. மழை முடிந்து அக்டோபரில் போகும்போது அவற்றை மீண்டும் எடுக்க வேண்டும்.