ஹைடின் முகமும் ஜெக்கிலின் கையெழுத்தும்

இளங்கலை ஆங்கில இலக்கிய மாணவர்களுக்கு விக்டோரியா காலப் புதினங்களை நடத்துவது என் வேலை. ஆண்டு தவறாமல் அவர்களுடைய விடைத்தாள்களில் ஓர் அரக்கன் வந்து நிற்பான். ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1886இல் வெளியிட்ட ‘டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும்’ கதையில் வில்லன் ஹைடின் தோற்றத்தை விளக்குக என்று கேட்டால், பனைமர உயரம், கோரைப் பல், தீக்கங்குக் கண்கள் என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறார்கள். மூலத்தைப் புரட்டாமல் கைடை மட்டும் நம்பியது பாதிக் காரணம், திரைப்படங்கள் மீதி. 1931இல் வந்த ஹாலிவுட் படத்தில் பிரெட்ரிக் மார்ச் துருத்திய பற்களும் குரங்கு முகமுமாக ஹைடாக நடித்து ஆஸ்கரும் வாங்கிவிட்டார். அதற்குப் பிறகு ஸ்டீவன்சன் என்ன எழுதியிருந்தால் யாருக்கென்ன?

கதையில் டாக்டர் ஜெக்கில் தாமே தயாரித்த ஒரு மருந்தைக் குடித்து, தம் கெட்ட பக்கம் மட்டுமேயான ஹைடாக மாறுகிறார். ஸ்டீவன்சன் எழுதிய அந்த ஹைடு குள்ளன். வெளிறிய முகம். ஜெக்கிலின் உடைகள் அவனுக்குத் தொளதொளக்கின்றன. தரையில் புரளாதிருக்கக் காற்சட்டையைச் சுருட்டிவிட்டிருக்கிறான்; கோட்டுக் காலர் தோள்களில் அகன்று கிடக்கிறது. இதற்கு ஜெக்கிலே காரணமும் சொல்கிறார். தம் வாழ்நாளில் பத்தில் ஒன்பது பங்கு உழைப்பிலும் அடக்கத்திலும் கழிந்தது; கெட்ட பக்கத்துக்கு வேலையே கொடுக்கவில்லை; அதனால் அது சிறுத்து, மெலிந்து, வயதிலும் இளையதாக இருக்கிறது. தீனி கிடைக்கக் கிடைக்க அந்த உடம்பு வளர்ந்து வருவதையும் பின்னால் அவரே கவனிக்கிறார்.

சில ஆண்டுகளாக வகுப்பில் ஒரு பயிற்சி வைக்கிறேன். கதையில் உள்ள சொற்களை மட்டும் கொண்டு ஹைடின் முகத்தை வரைய வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு சிறுமியை மிதித்துக்கொண்டு போனவனைத் துரத்திப் பிடித்த என்ஃபீல்டின் சாட்சியத்திலிருந்து தொடங்குவோம். பார்த்ததுமே வெறுப்பு வந்தது, உடம்பில் எங்கோ கோணல் இருப்பதாகப் பட்டது, எங்கே என்றுதான் சொல்ல வரவில்லை, ஆனால் ஆள் இப்போதும் கண்முன் நிற்கிறான் என்கிறார் அவர். மூக்கு எப்படி? சொல்லவில்லை. கண்? அதையும் சொல்லவில்லை. நன்றாகப் படம் வரையும் ஒரு மாணவி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “சார், இவனுக்கு டி.சி.யில் அங்க அடையாளம்கூட எழுத முடியாது” என்றாள். வகுப்பு சிரித்தது. ஹைடு ஒரு கொலை செய்த பிறகு போலீஸ் அவனைத் தேடும் பகுதியை அவளையே வாசிக்கச் சொன்னேன். அவனுக்கு ஒரு புகைப்படம் கிடையாது. பார்த்தவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். அந்த இனம்புரியாத கோணல் ஒன்றில் மட்டுமே எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

பிராம் ஸ்டோக்கரின் டிராகுலாவை (1897) வரையச் சொன்னால் இந்தத் தொல்லை இல்லை. மூக்குக்கு மேல் கூடிவிடும் அடர்ந்த புருவம், கூரான காது, உள்ளங்கையில் மயிர் என்று பட்டியலே இருக்கிறது. முகவெட்டைப் பார்த்துக் குற்றவாளியை அடையாளம் காணலாம் என்று 1876இல் நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோவின் பெயரையே ஸ்டோக்கர் கதைக்குள் கொண்டுவருகிறார். ஸ்டீவன்சனும் ஹைடைக் குரங்கோடு ஒப்பிடத்தான் செய்கிறார். அந்தக் காலத்துக் காற்று அவர் மேலும் அடித்திருக்கிறது. முகத்தை மட்டும் காலியாக விட்டார், நல்லவேளை.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் ‘அடுத்தது காட்டும் பளிங்குபோல்’ குறளை எடுத்துவிடுவார். நெஞ்சில் இருப்பதை முகம் காட்டிவிடும், ஹைடுக்குப் பொருந்துகிறதே என்பார். பொருந்தட்டும். ஜெக்கிலுக்கு? ஐம்பது வயது, நல்ல உடற்கட்டு, மழமழப்பான முகம். ஒரு சிறு கள்ளக்களை இருக்கலாம் என்று ஸ்டீவன்சன் போகிற போக்கில் சொல்லிவைக்கிறார், அவ்வளவுதான். ஜெக்கிலுக்கு வள்ளுவரிடம் வேறு குறள் இருக்கிறது: ‘மக்களே போல்வர் கயவர்.’

இதைச் சொன்னால் வகுப்பில் எதிர்ப்பு கிளம்பும். இரட்டை வேடப் படங்கள் பார்த்து வளர்ந்தவர்கள். ஒருவன் நல்லவன், மற்றவன் கெட்டவன் என்று கணக்குத் தீர்ந்தால்தான் அவர்களுக்கு நிம்மதி. விடைக்குறிப்பும் ‘நன்மைக்கும் தீமைக்கும் இடையிலான போராட்டம்’ என்று எழுதினாலே மதிப்பெண் போடச் சொல்கிறது. ஹைடு முழுத் தீமை என்பது சரி. ஜெக்கில் முழு நன்மை அல்லர். மருந்து குடித்த பிறகும் அவர் பழைய கலவையாகவே மிஞ்சுகிறார். கண்ணாடியில் முதன்முதலாக ஹைடைப் பார்த்தபோது அவருக்கு அருவருப்பே வரவில்லை. இதுவும் நான்தானே என்று உள்ளம் துள்ளி வரவேற்றது.

ஆனால் என் தொழில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தும் இடம் வேறு. பெயர் எழுத மறந்து கொடுத்த தேர்வுத் தாளைக்கூட, ‘ஜி’ எழுத்தின் வாலை இழுத்திருக்கும் விதத்தைப் பார்த்தே யாருடையது என்று சொல்லிவிடுவேன். தாள் திருத்துகிற எல்லோருக்கும் வந்துவிடுகிற பழக்கம் இது. கதையில் அந்த வேலையை கெஸ்ட் என்னும் குமாஸ்தா செய்கிறார். ஹைடின் கடிதத்தையும் ஜெக்கில் அனுப்பிய அழைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, எழுத்து பல இடங்களில் ஒன்றாகவே இருக்கிறது, சாய்வு மட்டும்தான் வேறு என்கிறார். ஜெக்கில் தம் எழுத்தைப் பின்பக்கமாகச் சாய்த்து எழுதி, அதையே ஹைடின் கையொப்பமாக்கி, அவன் பெயரில் வங்கிக் கணக்கும் திறந்திருந்தார். சோஹோவில் தனி வீடு, சொத்தெல்லாம் அவனுக்கே என்று ஓர் உயில். மருந்தின் மேல் பழி போட முடியாத வேலைகள்; நிதானமாக உட்கார்ந்து செய்தவை.

பின்னால் ரீஜெண்ட் பூங்காவில், பட்டப்பகலில், மருந்தில்லாமலே ஜெக்கில் ஹைடாகிவிடுகிறார். முழங்காலில் கிடக்கும் கை நரம்போடி மயிரடர்ந்து தெரிகிறது. கொலைக்காகத் தேடப்படுகிறவன், வீட்டுக்குத் திரும்பிப் போக வழியில்லை. பழைய மனிதரிடமிருந்து அவனுக்கு மிஞ்சியது ஒன்றே: ஜெக்கிலின் கையெழுத்து அப்படியே வருகிறது. அதில் நண்பர் லான்யனுக்கும் வேலைக்காரர் பூலுக்கும் கடிதம் எழுதித்தான் மருந்தை வரவழைக்கிறான்.

இந்தப் பருவத்தில் நான் வைக்கும் உள்தேர்வில் ‘தோற்றத்தை விளக்குக’ என்ற வினாவை எடுத்துவிட்டேன். ரீஜெண்ட் பூங்காவில் உருமாறிய பிறகு போன அந்தக் கடிதங்களை எழுதியவர் யார் என்று பத்து மதிப்பெண்ணுக்குக் கேட்டிருக்கிறேன். கைடில் இதற்கு விடை இல்லை, பார்த்துவிட்டேன்.