எல் என்றால் இடஞ்சுழியா? என் முனைவுமானியின் மூன்றாம் வாரம்

பரந்தனில் எங்கள் வீட்டுச் சாமான் அறையில் நான் பூட்டிவரும் முனைவுமானி (ஒரு கரைசல் ஒளியின் அதிர்வுத் தளத்தை எத்தனை பாகை திருப்புகிறது என்று அளக்கும் கருவி) இந்த வாரம்தான் நம்பத்தக்க வாசிப்பைத் தந்தது. கீழே மஞ்சள் எல்.ஈ.டி., நடுவில் நிமிர்த்திய பிவிசி குழாய், அதன் இரு முனைகளிலும் பழைய கல்குலேற்றர் திரைகளில் உரித்தெடுத்த முனைவாக்கித் தகடுகள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுபவை; இரண்டும் ஒன்றுக்கொன்று குறுக்காக நின்றால் இருள் வரும்), மேல் தகட்டில் ஒரு பாகைமானி, கருவி அவ்வளவுதான். குழாயின் அடிக்குத் தெளிவான பிளாஸ்ரிக் மூடியைப் போட்டதால் முதல் இரண்டு வாரமும் வீணாயின. வார்க்கும்போது பிளாஸ்ரிக்கில் தங்கிவிடும் தகைப்பு ஒளியின் முனைவைக் குலைப்பதால், மேல் தகட்டை எப்படித் திருப்பினாலும் முழு இருள் வரவில்லை. கண்ணாடித் துண்டொன்றை வெட்டுவித்துச் சிலிக்கனால் ஒட்டியதும் இருள் வந்தது.

சீனியில் சரிபார்த்தேன். 100 மில்லிலீற்றர் கரைசலில் 20 கிராம், 20 சென்ரிமீற்றர் உயரம், கணக்குப்படி 26.6 பாகை வர வேண்டும், எனக்கு 26 வந்தது.

அடுத்தது அஜினமோட்டோ. கடையில் மலிவாகக் கிடைக்கும் இது எல்-குளுட்டமிக் அமிலத்தின் சோடிய உப்பு. 100 மில்லிலீற்றர் நீர்க்கரைசலில் 10 கிராம் எடுத்துப் பார்த்தபோது சுழற்சி ஒரு பாகையைக்கூட எட்டவில்லை. அதே அளவை 2 மூலர் ஐதரோகுளோரிக் அமிலத்தில் கரைத்தபோது, இருள் ஐந்து பாகை வலப்பக்கம் நகர்ந்தது. வெறும் அமிலத்தை முன்னதாகவே ஊற்றிப் பார்த்து, அது எதையும் சுழற்றவில்லை என்று உறுதிசெய்திருந்தேன். (ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்ரிக் சோடாவும் குளோரீனும் எடுத்த ஊர் இது, இன்று அரைப் போத்தல் அமிலத்துக்கு, இரசாயனவியல் கற்பிக்கும் மைத்துனரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.)

உயர்தரம் படிக்கும் என் மருமகள், எல் என்றால் இடஞ்சுழி, அதாவது ஒளியை இடப்பக்கம் திருப்புவது என்றே தன் குறிப்பில் எழுதி வைத்திருந்தாள். வலப்பக்க வாசிப்பைக் கண்டு திகைத்துப்போனாள். எல், டி என்பன கிளிசரல்டிகைட்டு என்ற எளிய வெல்லத்தை அளவுகோலாகக் கொண்டு மூலக்கூறின் அமைப்புக்கு இட்ட பெயர்கள். ஒளி எப்பக்கம் திரும்பும் என்பதை அவை சொல்வதில்லை. அமிலத்தில் மூலக்கூறின் காபொட்சிலேற்று (COO⁻) முனைகள் புரோத்தனை (H⁺) ஏற்க, நடுக்காபனை அடுத்துள்ள ஏற்றம் மாறுகிறது, சுழற்சியும் மாறுகிறது. எல்-அமினோ அமிலங்களில் இம்மாற்றம் பொதுவாக வலப்பக்கமாகவே நிகழும். இன்னோர் அமினோ அமிலமான எல்-லியூசினின் தற்சுழற்சி (ஒரே செறிவுக்கும் நீளத்துக்கும் கணித்த சுழற்சி) நீரில் ஏறக்குறைய −11, செறிந்த அமிலத்தில் +15. குறியே புரண்டுவிடுகிறது, மூலக்கூறின் கை, அதாவது அதன் இட-வல அமைப்பு மட்டும் புரளவில்லை. வலம்புரிச் சங்கை அமிலத்தில் போட்டால் கரையுமேயன்றி இடம்புரியாகிவிடாது என்று அவளுக்குச் சொன்னேன்.

அமிலக் கரைசலை அப்பச்சோடா தூவி நடுநிலையாக்கிய பின்னரே வெளியே ஊற்றினேன். இந்த உப்பு நீரில் தாராளமாகக் கரையும் என்பதால், அடுத்த முறை 100 மில்லிலீற்றருக்கு 40 கிராம் எடுக்கப் போகிறேன். ஒரு பாகைக்குள் ஒளிந்திருப்பது இடப்பக்கச் சுழற்சியா என்பது அப்போது பாகைமானியில் தெரிய வேண்டும்.