டல்லாஸ் லேப்டாப்புக்கு எங்க தண்டையார்பேட்டை வைஃபை தெரியவே இல்ல

போன மார்கழில எங்க பெரியப்பா பொண்ணும் (அக்கா) அவங்க வீட்டுக்காரரும் (மாமா) டல்லாஸ்லேர்ந்து வந்து மூணு வாரம் எங்க வீட்ல தங்குனாங்க. ஆளுக்கொரு லேப்டாப், மாமாவோடது ஆபீஸ்ல குடுத்தது. ஒரு வாரம் லீவு, மீதி ரெண்டு வாரம் இங்கேர்ந்தே வேலை பாக்கணும், அங்க காலைல 8 மணின்னா நமக்கு ராத்திரி 7.30. வெளிநாட்டுலேர்ந்து சொந்தக்காரங்க வர்ற வீட்டுக்கு உதவும்னு நடந்ததை எழுதுறேன்.

சார்ஜர் பிரச்சனை இல்ல. அதுல 100-240 வோல்ட்னு போட்டிருக்கான்னு பாத்துட்டு, தட்டை பின்னுக்கு ஒரு அடாப்டர் வாங்கிட்டா முடிஞ்சுது.

பிரச்சனை திங்கக்கிழமை சாயங்காலம்தான் ஆரம்பிச்சுது. மாமா லேப்டாப்பை தொறந்தா அக்கம்பக்கத்து வீட்டு வைஃபை பேரெல்லாம் வரிசையா வருது, எங்க வீட்டுது மட்டும் இல்ல. அவங்க ரெண்டு பேர் போனும் ஒரு வாரமா அதே வைஃபைலதான் ஓடிட்டு இருந்துச்சு, என் போன்லயும் ஃபுல் சிக்னல். அக்கா லேப்டாப்ல பாத்தோம், அதுலயும் காணோம். மோடத்தை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், உடனே வந்துடுச்சு, சரி சின்ன கோளாறுன்னு விட்டுட்டேன். மறுநாள் ஆறு மணிக்கு கரண்ட் போய் பத்து நிமிஷத்துல வந்துச்சு, 7.15க்கு மாமா உக்காந்தா மறுபடியும் காணோம். லிஸ்ட்ல பூட்டு போடாத வைஃபை ஒண்ணு இருந்துச்சு, அவசரத்துல மாமா அதை அழுத்தப் போனாரு. "மாமா, அது மட்டும் வேணாம், யார் போட்டதுன்னே தெரியாது"ன்னு சொல்லி என் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டுக் குடுத்தேன். அந்த மாதிரி வைஃபை பாவம் யாரோ தெரியாம தொறந்து வெச்சதாவும் இருக்கலாம், வேணும்னே வெச்சு, உள்ள வர்றவங்களுக்கு போலி லாகின் பக்கத்தைக் காட்டி பாஸ்வேர்டு புடுங்குறதாவும் இருக்கலாம், வெளியேர்ந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அன்னைக்கு ராத்திரி வைஃபை சேனல் காட்டுற ஆப் ஒண்ணை போன்ல போட்டுப் பாத்தேன். சேனல்னா வைஃபை ஓடுற பாதை மாதிரி, எங்க மோடம் 13வது சேனல்ல நின்னுட்டு இருந்துச்சு. விஷயம் இதுதாங்க. 2.4 கிகாஹெர்ட்ஸ்ங்கிற வைஃபை அலைவரிசைல நம்ம ஊர்ல 1லேர்ந்து 13 சேனல் வரைக்கும் உண்டு, அமெரிக்காவுல விக்கிற நிறைய லேப்டாப் 11 வரைக்கும்தான் தேடும். மோடத்துல சேனல் ஆட்டோன்னு இருந்ததால ஒவ்வொரு தடவை கரண்ட் போய் வரும்போதும் எது காலியா இருக்கோ அதுல போய் உக்காந்துக்குது, 13ல உக்காந்தா அவங்க லேப்டாப்புக்கு அப்படி ஒரு வைஃபை இருக்குறதே தெரியாது. எங்க மோடம் பழசு, இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸே கிடையாது, அதனால வேற வழியும் இல்ல. ஆபீஸ் லேப்டாப்ல செட்டிங்ஸ் எதையும் மாத்த முடியாம பூட்டி வெச்சிருப்பாங்க, சரி பண்றதுன்னா நம்ம மோடம் பக்கம்தான் பண்ணணும்.

மோடத்தை திருப்பி அடில ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பாத்தேன், 192.168.1.1, யூசர் நேம் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். கனெக்‌ஷன் குடுத்த நாள்லேர்ந்து யாரும் அதை மாத்தவே இல்ல. அந்த நம்பரை பிரவுசர்ல அடிச்சு மோடத்தோட செட்டிங்ஸுக்குள்ள போய் ஆட்டோவை எடுத்துட்டு சேனலை 11ல நிக்க வெச்சேன், 1லயும் 6லயும் ஏற்கனவே தெருவே உக்காந்திருந்துச்சு. சேவ் பண்ண கொஞ்ச நேரத்துல ரெண்டு லேப்டாப்லயும் எங்க வீட்டுப் பேரு வந்துடுச்சு.

உள்ள போனதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம் கண்ணுல பட்டுச்சு. வைஃபை பாஸ்வேர்டு அப்பாவோட மொபைல் நம்பர், கனெக்‌ஷன் குடுக்க வந்தவர் போட்டது, இன்னும் எத்தனை வீட்ல இப்படி இருக்கோ. தெருவுல பாதிப் பேருக்கு அந்த நம்பர் தெரியும். தெரியாதவனுக்கும் கஷ்டமில்ல, மொபைல் நம்பர்னா 6, 7, 8, 9ல ஒண்ணுலதான் ஆரம்பிக்கும், மொத்தமே 400 கோடி நம்பர், நம்ம வைஃபைல ஒரு போன் கனெக்ட் ஆகுற நேரம் காத்துல போறதை பிடிச்சு வெச்சுக்கிட்டா நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர் சில மணி நேரத்துல மொத்தத்தையும் போட்டுப் பாத்துடும். டபிள்யூபிஎஸ்னு பட்டன் அமுக்கி கனெக்ட் பண்றது ஆன்ல இருந்துச்சு, ஆஃப் பண்ணேன். வெளியேர்ந்து மோடத்துக்குள்ள வர்ற ரிமோட் மேனேஜ்மென்ட்டும் ஆஃப். செக்யூரிட்டி, அதாவது வைஃபையைப் பூட்டுற முறை, பழசும் புதுசும் கலந்ததா இருந்துச்சு, அதை டபிள்யூபிஏ2 ஏஇஎஸ்னு மாத்தினேன், உங்க மோடத்துல டபிள்யூபிஏ3 இருந்தா இன்னும் நல்லது.

அப்புறம் கெஸ்ட் நெட்வொர்க்னு விருந்தாளிங்களுக்கான தனி வைஃபை ஒண்ணு ஆன் பண்ணி அதுக்கு வேற பாஸ்வேர்டு போட்டேன். அப்பாவுக்கு மனசு கேக்கல. "ஏம்மா, கூடப் பொறந்தவரு பொண்ணுக்கே பாஸ்வேர்டு குடுக்க மாட்டேன்றியே, என்ன நெனச்சுப்பாங்க?" எனக்கு அது சந்தேகமே இல்லப்பா, நம்ம வாசல் கேமராவும் பிரின்டரும் மெயின் வைஃபைல இருக்கு, அதுங்களுக்கு எப்போ அப்டேட் வந்துச்சுன்னே தெரியாது, அதுங்க நடுவுல மாமாவோட கம்பெனி லேப்டாப்பை வெச்சா ஏதாவது ஆச்சுன்னா அவரு வேலைக்குத்தான் ஆபத்துன்னு சொன்னேன். மாமாவும் அப்பாகிட்ட "அதான் மாமா சரி, எங்க ஆபீஸ்லயும் அதையேதான் சொல்றாங்க"ன்னாரு. கனெக்‌ஷன் அப்பா பேர்ல, அப்பா ஆதார்ல இருக்கு, ஏதாவது தப்பு நடந்தா முதல்ல அப்பாவைத்தான் கேப்பாங்க, அதையும் மறக்கக் கூடாது.

கெஸ்ட் பக்கத்துல ஒரு டிக்கை மட்டும் கவனமா பாருங்க. கெஸ்ட்ல வர்றவங்க வீட்டுக்குள்ள இருக்குற மத்த கருவிகளையும் பாக்கலாமான்னு கேக்கும், எங்க மோடத்துல அது டிக் ஆகியே இருந்துச்சு. எடுத்துட்டு, அக்கா லேப்டாப்ல கேமராவோட அட்ரஸை அடிச்சுப் பாத்தோம். சுத்திக்கிட்டே இருந்து கடைசில பக்கம் தொறக்க முடியலன்னு வந்துச்சு, அப்போதான் நிம்மதி.

பாஸ்வேர்டுக்கு சம்பந்தமே இல்லாத நாலு தமிழ் வார்த்தையை இங்கிலீஷ் எழுத்துல கோத்து நடுவுல ரெண்டு நம்பர் போட்டேன், நாள்காட்டி தாளைக் கிழிச்சு பின்பக்கம் பெருசா எழுதி மாமாகிட்ட குடுத்தேன். போனுக்கு க்யூஆர் கோடு காட்டிடலாம், லேப்டாப்புக்கு டைப்தான் பண்ணணும், அதனால பாத்து அடிக்கிற மாதிரி இருக்கணும். விண்டோஸ்ல பப்ளிக்கா பிரைவேட்டான்னு இருக்குற இடத்துல பப்ளிக்தான் வைக்கணும், வீடுதானேன்னு பிரைவேட் போட்டுடாதீங்க, பப்ளிக்ல இருந்தா அதே நெட்வொர்க்ல இருக்குற மத்தவங்க கண்ணுக்கு லேப்டாப் தெரியாது.

மெயின் பாஸ்வேர்டை ஞாயித்துக்கிழமை காலைல மாத்தினேன். டிவி, பிரின்டர், அப்பா போன் எல்லாம் கால் மணி நேரத்துல முடிஞ்சுது, வாசல் கேமராதான் உயிரை வாங்கிடுச்சு, ஸ்டூல் போட்டு ஏறி குண்டூசியால ரீசெட் ஓட்டையை அமுக்கி முதல்லேர்ந்து சேக்க வேண்டியதாப் போச்சு. விருந்தாளி வர்றதுக்கு முன்னாடியே இதை முடிச்சுடுங்க.

அவங்க ஊருக்குக் கெளம்புன அன்னைக்கு ரெண்டு லேப்டாப்லயும் எங்க கெஸ்ட் பேரை ஃபர்கெட் குடுத்துட்டாங்க, நானும் மோடத்துல கெஸ்ட்டை ஆஃப் பண்ணிட்டேன். சேனல் மட்டும் இன்னும் 11லயே இருக்கு. சித்திரைல பெனாங்லேர்ந்து சித்தப்பா வர்றாரு, அவருக்கு கெஸ்ட்டை ஆன் பண்ணி புது பாஸ்வேர்டு போட்டா போதும்.